நெல்லா, அரிசியா? – ‘பேடி’யும் ‘ரைஸ்’ஸும்

ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒன்றில் நான் போட்ட சிவப்புக் கோடு இன்னும் நினைவில் இருக்கிறது. வெளி மாவட்டத்திலிருந்து மாறுதலாகிக் கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளிக்கு வந்த புதிது. ‘என் வீடு’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, ‘மை கிராண்ட்மதர் பாய்ல்ஸ் பேடி அட் நைட்’ என்று எழுதியிருந்தாள். ‘பேடி’யை அடித்துவிட்டு, மேலே ‘ரைஸ்’ என்று எழுதினேன். வேகவைப்பது அரிசியைத்தானே, நெல்லையா வேகவைப்பார்கள் என்பது என் நினைப்பு.

மறுநாள் நோட்டோடு வந்து நின்றாள்.

“டீச்சர், அரிசிய வேகவச்சா சோறுல்ல ஆகும்? எங்க அப்பாயி அவிக்கிறது நெல்லு டீச்சர். ராத்திரி அவிச்சு, காலையில களத்துல காயவச்சு, அப்புறம் மில்லுக்குக் கொண்டுபோனாத்தான் அரிசி.”

புழுங்கல் அரிசி சாப்பிட்டு வளர்ந்தவள்தான் நானும். அது நெல்லாக இருக்கும்போதே அவிக்கப்படுகிறது என்பதை யோசித்துப் பார்த்ததில்லை. அந்தப் பத்து வரியில் மிகச் சரியாக விழுந்திருந்த சொல்லைத் தேடிப்பிடித்துத் தவறாக்கியிருந்தேன். என் கோட்டை அடித்து, அவள் சொல்லைத் திரும்ப எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு பாடவேளையை முழுதாக ஒதுக்குகிறேன். நம் டெல்டாப் பள்ளிகளில் எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ணமுடியாத பெயர்ச்சொல் என்ற இலக்கணத்தைக் கற்பிக்க இதைவிடக் கைக்கெட்டிய எடுத்துக்காட்டு கிடையாது.

முதலில் பொருள். தமிழில் வயலில் நிற்பதும் களத்தில் குவிவதும் நெல், உமி நீங்கினால் அரிசி, வெந்தால் சோறு. மூன்று நிலை, மூன்று சொல். ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்ற ஒரே சொல் இந்த மூன்று நிலைக்கும் போய் வரும். ரைஸ் நடலாம், ரைஸ் அறுக்கலாம், ரைஸ் களையலாம், ரைஸ் சாப்பிடலாம். எதுவும் பிழையில்லை. ‘பேடி’ அப்படியன்று. அது உமியோடு இருக்கும் மணிக்கும், அந்த மணி விளையும் பயிருக்கும், இன்னொரு வழக்கில் அது விளையும் வயலுக்கும் மட்டும் உரியது. உமி கழன்ற நொடியில் ‘பேடி’ என்ற பெயரும் கழன்றுவிடும்.

எனவே ‘நெல் என்றால் பேடி, அரிசி என்றால் ரைஸ்’ என்று பலகையில் இரண்டு வரி எழுதிப் போட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். நெல்லும் ரைஸ் ஆகலாம். அரிசி ஒருபோதும் பேடி ஆகாது. இந்த ஒருவழிப் பாதையைத்தான் மாணவர் மனத்தில் பதிக்க வேண்டும்.

இதற்குச் சான்று நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளிலேயே இருக்கிறது. ஆடுதுறையில் இருப்பது தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம். அதன் ஆங்கிலப் பெயரில் ‘பேடி’ கிடையாது. ‘தமிழ்நாடு ரைஸ் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்’. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரிலும் ‘ரைஸ்’தான். ஆனால் 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நிலையத்துக்கு வைத்த பெயர் ‘பேடி பிரீடிங் ஸ்டேஷன்’. தமிழில் எல்லாமே நெல். அறிவியல் எழுத்தில் பயிரின் பொதுப்பெயராக ‘ரைஸ்’ நிற்கிறது. தாவரவியலார் ஒரைசா சட்டைவா என்று சொல்லும் செடி அது. கொள்முதல், விலை, மூட்டை என்று வரும் இடங்களில் இந்திய ஆங்கிலம் ‘பேடி’யை விடுவதில்லை. ஆடுதுறை வழியாகப் பேருந்தில் வரும் மாணவர்களிடம் அந்தப் பலகையின் ஆங்கில வரியைப் பார்த்து எழுதிவரச் சொல்வேன். மறுநாள் வகுப்பில் தகராறு தொடங்கிவிடும்: “நெல்லுன்னு எழுதிட்டு இங்கிலீஷ்ல அரிசின்னு போட்டிருக்காங்க டீச்சர்!” பாடம் அங்கிருந்தே தொடங்கும்.

சொல்லின் பிறப்பையும் ஓரிரு நிமிடம் சொல்லலாம். ‘பேடி’ மலாய் மொழியின் ‘பாடி’ என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மலாயிலும் அதற்கு உமியோடு கூடிய நெல் என்பதே பொருள். மணியைக் குறித்த சொல், ‘பேடி ஃபீல்ட்’ என்று வயலுக்கு அடைமொழியாகி, பிறகு பின்சொல் உதிர்ந்து ‘பேடி’ என்றாலே வயல் என்னும் வழக்கும் வந்தது. ‘ரைஸ்’ பழைய பிரெஞ்சு, இலத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் ‘ஒரூசா’வுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தக் கிரேக்கச் சொல் நம் ‘அரிசி’யிலிருந்து பிறந்தது என்று கால்டுவெல் முதலானோர் கருதினார்கள். ஈரானிய மொழிகள் வழியாக வந்தது என்று சொல்வோரும் உண்டு. வகுப்பில் இதைச் சொல்லும்போது ‘ஒரு கருத்து’ என்றே சொல்லுங்கள். கைதட்டல் கிடைக்கும் என்பதற்காக முடிந்த முடிவாகச் சொல்லிவிட வேண்டாம்.

உச்சரிப்பையும் இங்கேயே திருத்திவிடுவது நல்லது. ‘பாடி’ என்று வாய்திறந்து சொன்னால் ஆங்கிலத்தில் உடம்பு என்று பொருளாகிவிடும். ‘கேட்’ என்று பூனையைச் சொல்லும்போது வரும் ஒலிதான் இங்கும். எழுதும்போது முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டால் அது அயர்லாந்துக்காரரின் செல்லப்பெயர்; சில இடங்களில் இழிவாகவும் எடுத்துக்கொள்ளப்படும். வாக்கியத்தின் நடுவில் சிறிய எழுத்தே வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் நான் கண்டதில்லை.

இனி இலக்கணம். ‘ரைஸ்’ எண்ணமுடியாத பெயர்ச்சொல். பானையில் ஆயிரக்கணக்கான மணிகள் கிடந்தாலும் வினை ஒருமையில்தான் வரும்: ‘தி ரைஸ் இஸ் இன் தி பாட்’. முன்னால் ‘எ’ வராது, பின்னால் பன்மை ‘எஸ்’ வராது, ‘மெனி’ வராது. ‘மச்’, ‘சம்’, ‘எ லிட்டில்’ வரும். ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் அளவைச் சொல்லை முன்னால் நிறுத்த வேண்டும்: ‘எ கிரெய்ன் ஆஃப் ரைஸ்’, ‘எ பேக் ஆஃப் ரைஸ்’.

நம் மாணவர்கள் ‘ரைசஸ் ஆர்’ என்று எழுதும்போது, தாய்மொழியின் தாக்கம் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். தமிழில் யாராவது ‘அரிசிகள் வெந்துவிட்டன’ என்கிறார்களா? ‘நெற்கள் காய்கின்றன’ என்கிறார்களா? நெல் காய்கிறது, அரிசி வேகிறது என்று தமிழும் ஒருமையில்தான் பேசுகிறது. எண்ண வேண்டுமானால் நெல்மணி என்போம். ஒரு படி அரிசி, இரண்டு மூட்டை நெல் என்று அளவை முன்னால் வைப்போம். ஆங்கிலம் செய்வதும் அதுவே. ‘ரைசஸ்’ வீட்டிலிருந்து வந்ததன்று. நான்காம் வகுப்பில் ‘நிறைய இருந்தால் எஸ் சேர்’ என்று நாம் சொல்லிக்கொடுத்த விதியிலிருந்து வந்தது. இந்த இடத்தில் தமிழ்தான் மாணவரைக் காப்பாற்றும். “தமிழ்ல எப்படிச் சொல்லுவ?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் துணைக்கு வராது. மொச்சை வெந்துவிட்டது, பட்டாணி வெந்துவிட்டது என்று நாம் ஒருமையிலேயே சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘பீன்ஸ் ஆர்’, ‘பீஸ் ஆர்’ என்று பன்மை. மணி பெரிதானால் பன்மை, சிறிதானால் ஒருமை என்று மாணவர்கள் தாங்களே ஒரு விதி செய்துகொள்வார்கள். ஓரளவு சரிதான், முழுக்கச் சரியன்று. ‘வீட்’ என்னும் கோதுமைக்கு ஒருமை. ‘ஓட்ஸ்’ பெரும்பாலும் பன்மை. மொழிப் பழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டிய இடம் இது.

‘ரைசஸ்’ என்ற வடிவம் அறவே இல்லையா என்று கெட்டிக்கார மாணவர் யாராவது கேட்பார். உண்டு. பல வகை அரிசிகளை அல்லது நெல் இனங்களை ஒப்பிடும் நூல்களில் அருகி வரும். எண்ணப்படுவது வகைகளே, மணிகள் அல்ல. பத்தாம் வகுப்புவரை ‘வெரைட்டீஸ் ஆஃப் ரைஸ்’ என்று எழுதவைப்பதே பாதுகாப்பு.

‘பேடி’யில் ஒரு திருப்பம் இருக்கிறது. நெல் என்ற பொருளில் அதுவும் எண்ணமுடியாதது: ‘தி பேடி இஸ் வெட்’. வயல் என்ற பொருளில் எண்ணக்கூடியது: ‘எ பேடி’, ‘டூ பேடீஸ்’. இந்தியாவுக்கு வெளியே எழுதப்பட்ட கதைகளிலும் செய்திகளிலும் பன்மை வடிவமே அதிகம் கண்ணில் படும். வியட்நாம் பற்றிய பத்தியில் ‘கிரீன் பேடீஸ்’ என்று வந்தால் அது பச்சை நெல்மணிகள் இல்லை, பச்சை வயல்கள். எழுதும்போது ‘பேடி ஃபீல்ட்ஸ்’ என்று முழுதாக எழுதச் சொல்கிறேன். வாசிக்கும்போது மட்டும் இரண்டாவது பொருளை அறிந்திருந்தால் போதும்.

அளவைச் சொல் வந்ததும் வினை எதோடு ஒட்டும் என்பதில் நமக்கே சில நேரம் தடுமாற்றம் வரும். ‘ஃபிஃப்டி பேக்ஸ் ஆஃப் பேடி வேர் வெட்’: நனைந்தவை மூட்டைகள், அதனால் பன்மை. ‘ஃபிஃப்டி கிலோஸ் ஆஃப் ரைஸ் இஸ் இனஃப்’: ஐம்பது கிலோவும் சேர்ந்து ஒரே அளவு, அதனால் ஒருமை. கேள்வியும் அப்படியே: ‘ஹவ் மெனி பேக்ஸ்?’, ‘ஹவ் மச் பேடி?’ கொள்முதல் நிலையத்து எடைமேடையை வகுப்பில் நடித்துக் காட்டினால் இந்த இரண்டு கேள்வியும் மாறிமாறி வந்துகொண்டே இருக்கும். ஒருவர் விவசாயி, ஒருவர் பட்டியல் எழுத்தர், இரண்டு பேர் சுமைப்பணித் தொழிலாளர். இதில் பின்வரிசைப் பையன்கள் கொடிகட்டிப் பறப்பார்கள். அவர்களில் பலர் அப்பாவோடு அங்கே இரவு காவல் இருந்தவர்கள்.

கூட்டுச்சொற்களுக்கு ஒரு நாள் கொட்டாங்கச்சிகளில் பொருளைக் கொண்டுவரச் சொல்வேன். நெல், பச்சரிசி, புழுங்கல் அரிசி, நொய், தவிடு, உமி, அவல், பொரி, ஒரு பிடி வைக்கோல். செலவு ஒன்றும் இல்லை. ‘புரோக்கன் ரைஸ்’ என்றால் நொய். கடைசிச் சொல் ரைஸ், ஆகவே அது அரிசி. ‘ரைஸ் பிரான்’ என்றால் தவிடு. கடைசிச் சொல் பிரான், ஆகவே அது அரிசி அன்று. கடைசியில் நிற்கும் சொல்தான் பொருளின் பெயர், முன்னால் நிற்பது அடை. அரிசி மாவு என்றால் மாவு, மாவரிசி என்றால் அரிசி என்று தமிழிலும் இதே ஒழுங்குதானே. உமிக்கு ‘ரைஸ் ஹஸ்க்’, ‘பேடி ஹஸ்க்’ இரண்டும் வழக்கில் உண்டு, வைக்கோலுக்கும் அப்படியே. ஆலைக்குள் போவது பேடி என்றாலும், வெளியே வருவதைக் கொண்டு அதற்கு ‘ரைஸ் மில்’ என்று பெயர்.

பச்சரிசி, புழுங்கல் அரிசி ஆகிய கொட்டாங்கச்சிகளுக்கு வரும்போது நிதானம் தேவை. நியாயவிலைக் கடை முதல் மளிகைப் பட்டியல்வரை நாம் ‘ரா ரைஸ்’, ‘பாய்ல்டு ரைஸ்’ என்று எழுதுகிறோம். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு ஆங்கிலத்தில் ‘ரா ரைஸ்’ என்றால் சமைக்காத எந்த அரிசியும். ‘பாய்ல்டு ரைஸ்’ என்றால் தட்டில் போட்ட சோறு! ‘இருபது கிலோ பாய்ல்டு ரைஸ் வாங்கினேன்’ என்று எழுதினால், இலண்டனில் படிப்பவர் அண்டா அண்டாவாகச் சோறு வாங்கியதாக நினைப்பார். இரண்டு இடத்திலும் ஐயமின்றிப் புரியும் சொல் ‘பார்பாய்ல்டு ரைஸ்’. அந்த ‘பார்’ இன்று பாதி என்ற பொருளில் நிற்கிறது. இலத்தீனில் அதற்கு ‘நன்றாக, முழுக்க’ என்று பொருள். ஆங்கிலக் காதில் ‘பார்ட்’ என்று விழுந்து பொருள் தலைகீழானது. என் மாணவியின் அப்பாயி செய்தது இதைத்தான். நெல்லை ‘பாய்ல்’ செய்தால் ‘பார்பாய்ல்டு ரைஸ்’. அந்த அரிசியை மறுபடி ‘பாய்ல்’ செய்தால் சோறு. இதே வினைச்சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு தமிழ்: நெல்லை அவிப்போம், அரிசியை வேகவைப்போம். நான் சிவப்புக் கோடு போட்டது இந்த வேறுபாட்டின் மேல்தான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பது கடிதம் எழுதும் பயிற்சியில் தெரியவரும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிற ஆண்டுகளில், ‘மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம்’ என்ற பயிற்சிக்கு நம் மாணவர்கள் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியல் நனைந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் வாங்க விதியில்லை. வரம்பைத் தளர்த்துங்கள் என்று ஊரே கேட்கிறது. ஒரு மாணவர் எழுதினார்: ‘அவர் ரைசஸ் ஆர் வெட். ப்ளீஸ் பை அவர் ரைஸ்.’ கடிதத்தின் அமைப்பு, முகவரி, விளிப்பு எல்லாம் சரி. ஆனால் படிக்கும் அதிகாரிக்கு வீட்டில் வைத்திருந்த அரிசி நனைந்ததா, கடைச் சரக்கு நனைந்ததா என்று தெரியாது. கொள்முதல் நிலையம் அரிசி வாங்கும் இடமும் அன்று.

கணக்கும் மாறிவிடும். அரசு அரவை விதிப்படி 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் அரிசி 68 கிலோ. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் அரிசியானால் 27 கிலோ அளவுதான். ‘ஃபார்ட்டி கிலோஸ் ஆஃப் ரைஸ்’ என்று தவறி எழுதினால் சிப்பத்துக்கு 13 கிலோ கூடிவிடுகிறது. விலையிலும் அப்படியே. 2024–25 பருவத்தில் பொதுரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். கிலோ 23 ரூபாய். இதை ‘ரைஸ்’ விலை என்று எழுதினால், அரிசி இவ்வளவு மலிவா என்று படிப்பவர் நினைப்பார். 67 கிலோ அரிசிக்குள் 2,300 ரூபாய் நெல் இருக்கிறது. அரவைக்கூலி, ஏற்றுக்கூலி எதுவும் சேர்க்காமலே கிலோ 34 ரூபாய்க்கு மேல் போகும். கணக்கு ஆசிரியரிடம் சொல்லி அதே வாரத்தில் விழுக்காடு பாடத்தை எடுக்கவைத்தேன். இரண்டு பாடத்துக்கும் ஒரே மூட்டை.

நெல்லையும் அரிசியையும் பிரித்துக் கணக்கிடுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவருக்கு வைத்த பங்கு, தலைக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அக்கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹுல்ட்ஸ் அங்கே ‘பேடி’ என்றே எழுதினார். சோழர் காலக் கல்வெட்டுகளில், படையலுக்கு இத்தனை அரிசி, அதற்கு ஐந்துக்கு இரண்டு வீதம் இத்தனை நெல் என்று கணக்கு வரும். ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி. அது மரக்காலால் அளந்த முகத்தலளவு; உரலில் குத்திய அரிசி. ஆகவே இன்றைய எடைக் கணக்கோடு நேராக ஒப்பிடக் கூடாது. மொழிபெயர்ப்பில் இரண்டையும் ‘ரைஸ்’ என்று போட்டிருந்தால் அந்த வரிக்குப் பொருளே இருந்திருக்காது.

வினைச்சொற்களைக் கொண்டு ஒரு பயிற்சி. பலகையில் வினைகளை மட்டும் எழுதிவிடுகிறேன்: விதை, நடு, அறு, தூற்று, காயவை, அவி, அரை, களை, ஊறவை, வடி, பரிமாறு. ஒவ்வொன்றுக்கும் ஆங்கில வினை எது, அதன் பின்னால் ‘பேடி’ வருமா, ‘ரைஸ்’ வருமா, இரண்டும் வருமா? விதைப்பதற்கும் நடுவதற்கும் அறுப்பதற்கும் இரண்டும் வரும். தூற்றுவதற்கும் அவிப்பதற்கும் ‘பேடி’யே தெளிவு. களைவதற்கும் வடிப்பதற்கும் பரிமாறுவதற்கும் ‘ரைஸ்’ மட்டுமே. ஊறவைப்பதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். இட்லிக்கு ஊறவைப்பது அரிசி, அவிப்பதற்கு முன் ஊறவைப்பது நெல். இரண்டு பக்கமும் சரி. யார் எதை நினைத்துச் சொன்னார்கள் என்று சொல்லவைத்தால், அந்த ஐந்து நிமிடத்தில் வாய் திறக்காத பிள்ளையும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிடும்.

போன பருவத்தில் இதே பயிற்சி முடிகிற நேரம். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “டீச்சர், பழைய சோத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்று கேட்டான். ‘ஓல்டு ரைஸ்’ என்றாள் ஒருத்தி. அது பழைய அரிசி, கடையில் விலை கூட என்றான் இன்னொருவன். அவன் அப்பா அரிசிக்கடையில் வேலை செய்கிறார். ‘கோல்டு ரைஸ்’ என்றார்கள். ஆறிப்போன சோறெல்லாம் பழைய சோறாகிவிடுமா என்று எதிர்க்கேள்வி வந்தது. ‘எஸ்டர்டேஸ் ரைஸ்’ என்று ஒரு குரல். தண்ணி ஊத்தலையே என்று வேறு குரல். மணி அடித்துவிட்டது. நானும் இரண்டு மூன்று வடிவங்களை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிலும் தண்ணீர் சேர மாட்டேன் என்கிறது.